வெயில் காற்று நாளில் ரேடாரில் முளைத்த தீவு

கேட்டவர் எழுதியதில் படகுச் சமாசாரம் பாதி, எரிச்சல் பாதி. சுருக்கினால் இதுதான். ஜூலை மாதம், சார்டின் மீன் கூட்டம் ஓடும் சமயம், தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஸ்கீ போட் எனும் சிறு மீன்படகில் இருபது கிலோமீட்டர் வெளியே போயிருக்கிறார்கள். குளிர்காலத்துக்குப் பொருந்தாத சூடு, கரைப்பக்கமிருந்து காய்ந்த காற்று. ரேடாரில் தென்மேற்கே பத்துக் கடல்மைல் தூரத்தில் அம்புமுனை வடிவில் ஒரு பெரிய எதிரொலி. சார்ட்டில், அதாவது கடல் வரைபடத்தில், அங்கே ஆழ்கடல்தான் இருக்கிறது. என்னதான் என்று பார்க்கப் படகைத் திருப்பி, பாதி தூரம் போனதும் திரை காட்டும் தூரத்தை, அதாவது ரேஞ்சை, பன்னிரண்டு மைலிலிருந்து ஆறுக்குக் குறைத்திருக்கிறார்கள். தீவு மாயம். அதே நேரத்தில் வி.எச்.எஃப். ரேடியோவில், எல்லோரும் கூப்பிடும் 16ஆம் சேனலில், ஒரு கப்பல் தெற்கே வெகுதூரத்தில் இருக்கும் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தைக் கூப்பிடுவது தெளிவாகக் கேட்டிருக்கிறது. மதியத்துக்கு மேல் தென்மேற்குக் காற்று அடித்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. கடைக்காரர் ரேடார் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் போய்விட்டது என்கிறார். நண்பர் ஒருவர் வானத்தைச் சூடாக்கும் ரகசியப் பரிசோதனை என்கிறார். "புது ரேடார் வாங்கணுமா?" என்பது அவர் கேட்ட கேள்வி. அதற்கடியில் இருப்பது வேறு: இல்லாததைக் காட்டிய கருவியை நம்பி இனி எப்படிக் கடலுக்குப் போவது?

டர்பன் துறைமுகத்தில் கப்பல்களின் ரேடாரும் ரேடியோவும் பழுது பார்ப்பதுதான் எனக்குப் பிழைப்பாக இருந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன் தம்பி, இப்போதைக்குப் பர்ஸை மூடி வையுங்கள். மேக்னட்ரான் தேய்ந்தால் திரையில் இருப்பது குறையும். தூரத்துக் கப்பல்கள் முதலில் மங்கும், அப்புறம் மறையும், படம் மெலிந்துகொண்டே வரும். பழைய மேக்னட்ரான் புதிதாகத் தீவு காட்டி நான் பார்த்ததில்லை. அதற்குக் காரணமும் கிடையாது. அதுவும் மதியக் காற்று மாறியதும் தானாகக் குணமாகிற மேக்னட்ரான் எங்கேயும் இல்லை. உங்கள் கேள்வியில் போகிற போக்கில் சொன்ன இரண்டு விஷயங்கள், அதாவது ரேஞ்சை மாற்றியதும் மறைந்தது, தென்மேற்குக் காற்று வந்ததும் சரியானது, இவைதான் எனக்குத் துப்பு.

ரேடியோ அலை காற்றில் நேர்க்கோட்டில் போவதில்லை. காற்று அடர்த்தியாகவும் ஈரமாகவும் இருக்கும் கீழ்மட்டத்தில் அலை ஒரு துளி மெதுவாகவும், மேலே போகப்போக ஒரு துளி வேகமாகவும் போகிறது. வித்தியாசம் மிகச் சொற்பம். வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் கடல்மட்டக் காற்றில் பத்தாயிரத்தில் சுமார் மூன்றரைப் பங்கு தாமதம், அவ்வளவுதான். ஆனால் தேர் இழுக்கும்போது ஒரு வடத்துக்காரர்கள் முந்திக்கொண்டு மற்றவர்கள் பின்தங்கினால் தேர் பின்தங்கிய பக்கம் திரும்பிவிடுகிறதே, அப்படித்தான் அலையும் மெதுவான பக்கமாக, அதாவது கீழ்நோக்கி வளைகிறது. சாதாரண நாளில் இந்த வளைவு பூமியின் வளைவில் நாலில் ஒரு பங்கு இருக்கும். அதனால்தான் ரேடாரின் தொடுவானம் கண்ணின் தொடுவானத்தைவிடச் சற்றுத் தள்ளி இருக்கிறது. உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57ஆல் பெருக்கினால் கண்ணுக்கான கிலோமீட்டர் வரும், 4.12ஆல் பெருக்கினால் ரேடியோவுக்கானது. உங்கள் ரேடோம், அதாவது ரேடார் ஆண்டெனா இருக்கும் கூடு, மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் தொடுவானம் ஏழு கிலோமீட்டர். முப்பது மீட்டர் உயரக் கப்பல் ஒன்று அதற்கு அப்பால் இன்னொரு இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் தெரியும். ஆக, வழக்கமான நாளில் முப்பது கிலோமீட்டருக்குள் அடங்கிய கதைதான் உங்களுடையது. பின்னால் மலை இருக்கிற கரை மட்டும் இன்னும் தூரத்திலிருந்து தெரியும்.

இந்தத் தாமதத்தைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று எண்ணுவது வழக்கம். கடல்மட்டத்தில் அந்த எண் 350ஐ ஒட்டி இருக்கும். மேலே போகப்போகக் கிலோமீட்டருக்கு சுமார் 39 வீதம் குறையும். ஏதோ ஒரு காரணத்தால் கிலோமீட்டருக்கு 157 என்ற வேகத்தில் குறைந்தால் அலையின் வளைவும் பூமியின் வளைவும் சமமாகிவிடும். அதையும் தாண்டினால் அலை கடலை நோக்கி வளைந்து, பட்டு எழும்பி, மறுபடி வளைந்து, நீரை ஒட்டியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். அந்தப் பாதைக்குத்தான் டக்ட் என்று பெயர். இதில் மாட்டுவது ஏறக்குறைய கிடைமட்டமாகக் கிளம்பும் அலை மட்டுமே. ஒரு பாகை சாய்வாகக் கிளம்பினாலே தப்பித்து மேலே போய்விடும். படகு ரேடாரும் படகு வி.எச்.எஃப். ஆண்டெனாவும் தொடுவானத்தை நோக்கியே வீசுகிறவை என்பதால் நாம்தான் முதலில் மாட்டுகிறோம்.

இனி உங்கள் நாளுக்கு வருவோம். நீங்கள் சொன்ன காய்ந்த சூட்டுக் காற்று நம்மூர் பெர்க் காற்றுதான். குளிர்காலத்தில் உள்நாட்டு மேட்டுநிலத்தின் மேல் உயர் அழுத்தம் உட்கார்ந்துகொள்ளும். தெற்கிலிருந்து, குளிர்காற்றின் முன்விளிம்பான ஒரு குளிர்முகம் நெருங்கும்போது, அதற்கு முன்னால் கரையை ஒட்டி ஒரு சிறிய தாழ்வழுத்தம் கேப் டவுன் பக்கமிருந்து டர்பனை நோக்கி நகர்ந்து வரும். அது மேட்டுநிலக் காற்றைக் கரைக்கு இழுக்கும். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட பத்து டிகிரி சூடேறும், ஈரம் வற்றிவிடும். ஜூன், ஜூலையில் டர்பனில் முப்பது டிகிரியைத் தாண்டும் நாட்கள் இப்படித்தான் வருகின்றன. இந்தக் காற்று கடலுக்கு மேல் போகும்போது நீரை ஒட்டியிருக்கும் ஈரமான, குளிர்ந்த காற்றைத் தள்ளிவிடாமல் அதன் மேலேறிப் படர்ந்துகொள்கிறது. கீழே ஈரம், மேலே சூடும் வறட்சியும். டக்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எவ்வளவு பலமான டக்ட் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீருக்கு மேலே 20 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்தால் அந்த எண் 349 வருகிறது. இருநூறு மீட்டர் உயரத்தில் பெர்க் காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் 280. கிட்டத்தட்ட 70 எண் இருநூறு மீட்டருக்குள் விழுகிறது, கிலோமீட்டருக்கு 350. தேவையான 157ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்த 70இல் நாலில் மூன்று பங்கு ஈரப்பதத்தால் வருவது, சூட்டின் பங்கு குறைவு. நிறையப் பேர் வெப்பத்தை மட்டும் பார்த்துவிட்டு ஈரத்தை விட்டுவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் கானலுக்கு வெப்பம்தான் முக்கியம், ஒளி ஈரத்தைப் பெரிதாக மதிப்பதில்லை. ரேடியோ அலைக்கு நீராவி பெரிய விஷயம். அதனால் கானல் எதுவும் தெரியாத நாளிலும் ரேடார் தறிகெட்டு ஓடலாம். நான் வைத்த அளவுகள் பெர்க் காற்று நாளுக்குப் பொருத்தமானவை என்றாலும், உங்கள் படகுக்கு மேலே அன்று யாரும் அளக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டக்ட் இருந்துவிட்டால் எல்லா அலையும் மாட்டும் என்று நினைக்க வேண்டாம். டக்டின் தடிமனுக்கேற்ப ஒரு வரம்பு உண்டு. பத்துப் பதினைந்து மீட்டர் தடிமன் இருந்தால் 9.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் உங்கள் மூன்று சென்டிமீட்டர் ரேடாருக்குப் போதும். 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் 16ஆம் சேனல் முழுதாக மாட்ட 170, 180 மீட்டர் வேண்டும். கடல் ஆவியாவதால் நீரை ஒட்டி எப்போதும் ஒரு மெல்லிய டக்ட் இருந்துகொண்டே இருக்கிறது. உலகச் சராசரி 13 மீட்டர் என்பார்கள். அது ரேடாருக்கு மட்டும் உதவும், வி.எச்.எஃப். அதைக் கண்டுகொள்ளாது. இதனால் ஒரு வேடிக்கையும் நடக்கும். முப்பது மீட்டர் உயரத்தில் ஸ்கேனர் வைத்த பெரிய கப்பல் அந்த மெல்லிய டக்டுக்கு வெளியே நிற்க, மூன்று மீட்டரில் வைத்த மீன்படகு அதற்குள்ளே உட்கார்ந்து தூரத்துக் கப்பலை முதலில் பார்த்துவிடும். நேரில் இதைச் சொன்னால் கேப்டன்கள் சிரிப்பார்கள். உங்களுக்கு ரேடாரும் வி.எச்.எஃப்.பும் ஒரே நேரத்தில் விசித்திரம் காட்டியதால், அன்று இருந்தது மெல்லிய ஆவி டக்ட் அல்ல, தடிமனான பெர்க் காற்று டக்ட்தான் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.

சரி, தீவு எப்படி வந்தது? ரேடார் இடத்தை அளப்பதில்லை, நேரத்தை அளக்கிறது. ஒரு துடிப்பை அனுப்பி, எதிரொலி வரும்வரை எண்ணி, தூரத்தைப் போடுகிறது. உங்கள் பன்னிரண்டு மைல் ரேஞ்சில் அது நொடிக்கு 1,200 துடிப்பு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த இரண்டு துடிப்புகளுக்கு நடுவே அலை 125 கிலோமீட்டர் போய்த் திரும்ப மட்டுமே நேரம் இருக்கிறது. சாதாரண நாளில் அதற்கு அப்பாலிருந்து எதுவும் வராது, ஆகவே குழப்பம் இல்லை. டக்ட் நாளில் 143 கிலோமீட்டரிலிருந்தும் எதிரொலி வரும். ஆனால் அது வந்து சேர்வதற்குள் அடுத்த துடிப்பு கிளம்பியிருக்கும். ரேடார் அதை அந்தப் புதுத் துடிப்பின் எதிரொலி என்று எண்ணி 18 கிலோமீட்டரில், அதாவது பத்துக் கடல்மைலில் வரைந்துவிடும். திசை மட்டும் சரியாக இருக்கும். டர்பனுக்கு வெளியிலிருந்து தென்மேற்கே அத்தனை தூரத்தில் என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் அளந்தால் போர்ட் எட்வர்டை ஒட்டிய கரை வருகிறது. அங்கிருந்து தெற்கே பொண்டோலாந்தின் பாறைச் செங்குத்துகள் தொடங்குகின்றன. ரேடாருக்கு நல்ல இலக்கு.

அம்புமுனை வடிவம்தான் இதில் எனக்குப் பிடித்த சாட்சி. ஒரு நேரான கரையை எடுத்து, ஒவ்வொரு திசையிலும் உள்ள தூரத்திலிருந்து ஒரே அளவாக 125 கிலோமீட்டரைக் கழித்து வரைந்து பாருங்கள். கிட்டே இருக்கும் பகுதி உங்களை நோக்கி நீட்டிக்கொண்டும், இரண்டு பக்கமும் வேகமாகப் பின்னால் சரிந்தும் வரும். கரை கூம்பாகிவிடும். ரேஞ்சை மாற்றினால் பெரும்பாலான ரேடார்கள் துடிப்பு வீதத்தையும் மாற்றிக்கொள்கின்றன. கழிக்கும் தொகை மாறியதும் கூம்பு வேறு இடத்துக்குத் தாவும், அல்லது திரையைவிட்டே போய்விடும். உண்மையான தீவு அப்படிப் போகாது. துடிப்பு வீதம் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. உங்கள் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ரேஞ்ச் வாரியாகப் போட்டிருப்பார்கள். அந்த எண்ணால் 1,50,000ஐ வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். அதோடு 18ஐக் கூட்டித் திரும்ப அளந்து பாருங்கள். எண் மாறினால் போர்ட் எட்வர்ட் என்ற என் ஊகமும் மாறும். இது முந்தைய துடிப்பின் எதிரொலி, அதாவது இரண்டாம் சுற்று எதிரொலி, என்ற முடிவு மாறாது.

வேறு காரணங்களையும் தள்ளிப் பார்த்துவிட வேண்டும். உங்கள் படகின் கம்பியிலோ டி-டாப் கூரையிலோ பட்டுத் திரும்பிய எதிரொலியாக இருந்தால், படகைத் திருப்பும்போது அதுவும் படகோடு சேர்ந்து திரும்பும். ஆண்டெனாவின் பக்க வீச்சால், அதாவது பக்கவாட்டில் சிந்தும் அலையால், வருவது, நிஜப் பொருள் இருக்கும் அதே தூரத்தில் இருபுறமும் வளைவாகப் பரவும். வேறொரு கப்பலின் ரேடார் குறுக்கிட்டால் புள்ளிப் புள்ளியாகச் சுழல்கோடுகள் வரும். நீங்கள் சொன்னதில் இந்த மூன்றும் இல்லை.

வி.எச்.எஃப். விஷயத்தில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. கேட்டது கேப் டவுன் ரேடியோ என்று எழுதியிருந்தால் நான் அதை ஆதாரமாகவே எடுத்திருக்க மாட்டேன். தென்னாப்பிரிக்கக் கரை முழுக்க ஆங்காங்கே நிற்கும் வி.எச்.எஃப். நிலையங்களைக் கேப் டவுனில் உட்கார்ந்தே இயக்குகிறார்கள். குரல் கேப் டவுனிலிருந்து வந்தாலும், உங்கள் காதுக்கு வந்த அலை பக்கத்துக் குன்றிலிருந்து கிளம்பியதாக இருக்கும். கரையோர டக்ட் என்று சொல்லி இதை வைத்துப் பெருமையடிப்பவர்கள் உண்டு. நீங்கள் கேட்டதோ ஈஸ்ட் லண்டனைக் கூப்பிட்ட ஒரு கப்பல். ஈஸ்ட் லண்டன் டர்பனிலிருந்து நேர்க்கோட்டில் 450 கிலோமீட்டருக்கும் மேல். துறைமுகம் பதில் சொன்னதா என்று நீங்கள் எழுதவில்லை. அந்தக் கப்பல் அங்கேதான் நின்றது என்று அடித்துச் சொல்ல முடியாது, நடுவழியிலும் இருந்திருக்கலாம். ஆனாலும் உங்கள் முப்பது கிலோமீட்டருக்குள் இருந்துகொண்டு ஒருவர் வி.எச்.எஃப்.பில் ஈஸ்ட் லண்டனைக் கூப்பிட மாட்டார். ஆகவே டக்டுக்கு இது நல்ல துணைச் சாட்சி. கப்பல்களின் இருப்பிடத்தைக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவி வைத்திருந்தால் சந்தேகமே இருந்திருக்காது. அதுவும் 162 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைதான், ஆனால் ஒவ்வொரு கப்பலும் தன் இருப்பிடத்தைத் தானே சொல்லிவிடுகிறது. பட்டியலில் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கப்பல் தெரிந்தால் டக்டின் நீளம் கையில் கிடைத்த மாதிரி.

இது நமக்கு மட்டும் நடக்கிற அதிசயமும் இல்லை. இரண்டாம் உலகப்போரின்போது பம்பாயில் நின்ற 200 மெகாஹெர்ட்ஸ் ரேடார் ஒன்றில் வெயில் காலத்தில் அரேபியாவின் நிலப்பகுதிகள் 1,700 மைல் தூரம் வரை எதிரொலித்தன. அங்கேயும் சமையல் குறிப்பு இதேதான், பாலைவனத்தின் வறண்ட காற்று ஈரக் கடல்மேல் படர்வது. 1943 ஜூலையில் அலாஸ்காவின் கிஸ்கா தீவுக்கு அருகே அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ரேடாரில் எதிரிக் கப்பல்கள் தெரிந்ததாக எண்ணி, 14 அங்குலக் குண்டுகள் மட்டும் ஐந்நூறுக்கும் மேல் சுட்டுத் தள்ளின. அங்கே கப்பலே இல்லை. தூரத்துத் தீவுகளின் எதிரொலி டக்டில் வந்து ஏமாற்றியது என்று ஒரு கட்சி, நீரை ஒட்டிப் பறந்த கடற்பறவைக் கூட்டம் என்று இன்னொரு கட்சி. முடிவான தீர்ப்பு கிடையாது. எனக்கும் ஒரு பக்கம் சாய மனமில்லை. எந்த வீதத்தில் துடிப்பு போனது, ரேஞ்சை மாற்றியதும் என்ன ஆனது என்று அன்று யாராவது குறித்து வைத்திருந்தால் வாதமே வந்திருக்காது.

வானத்தைச் சூடாக்கும் பரிசோதனைக்கு அதிக இடம் வேண்டாம். நண்பர் சொல்வது அலாஸ்காவின் ககோனாவில் உள்ள ஹார்ப் நிலையம் என்று எடுத்துக்கொள்கிறேன். அது 2.7 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை வீசுகிறது, நூறு கிலோமீட்டர், இருநூறு கிலோமீட்டர் உயரத்து அயனி மண்டலத்தை ஆராய்கிறது. உங்கள் தீவை முளைக்க வைத்தது கடலுக்கு மேலே முதல் முந்நூறு மீட்டர் காற்று. அயனி மண்டலமும் எப்போதாவது வி.எச்.எஃப்.பைத் தூரம் கடத்தும்தான். அது நம் பக்கம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி வாக்கில் வரும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எஃப்.எம். நிலையம் சில நிமிடம் கேட்டுவிட்டுப் போய்விடும். அது மூன்று சென்டிமீட்டர் ரேடாரைத் தொடவே தொடாது.

இப்போது நம்பிக்கைக் கேள்வி. கூடுதலாகத் தெரிகிற எதிரொலி உங்களுக்குச் செலவு வைக்கும், எரிபொருள் போகும், அவ்வளவுதான். எனக்குக் கவலை எதிர்ப்பக்கம். காற்றின் அடுக்கு தலைகீழாக அமைந்தால், அதாவது உயரத்தோடு அந்த எண் வழக்கம்போல் குறையாமல் கூடினால், அலை கடலைவிட்டு மேல்நோக்கி வளையும். ரேடாரின் கண் சுருங்கும். பெர்க் காற்றுக்குப் பின்னாலேயே வருகிற குளிர்ந்த தென்மேற்குக் காற்று, வெதுவெதுப்பான அகுல்ஹாஸ் நீரோட்டத்தின் மேல் ஓடும்போது இதற்கு வாய்ப்பு உண்டு. எத்தனை முறை உண்மையில் அப்படி ஆகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஆவி டக்ட் கீழே அதை ஓரளவு ஈடுகட்டிவிடும், மேலும் மழையும் அலையும் சேர்ந்து ரேடாரைக் கெடுக்கிற நேரம் அது, எது எதனால் என்று பிரிக்க முடிவதில்லை. ஆனால் திரையில் தீவு முளைத்தால் நாம் பேசிக்கொள்கிறோம், தெரிய வேண்டிய படகு தெரியாமல் இருந்தால் யாருக்கும் தெரிவதில்லை. எதிரொலி இல்லை என்பதை வழி காலி என்று படிக்காதீர்கள்.

வி.எச்.எஃப்.பிலும் இதே மாதிரி ஒரு சிக்கல். டக்ட் இருக்கிறது, தூரம் பேசலாம் என்று கடல் மீட்புக்காரர்களைக் கூப்பிட அதை நம்பக் கூடாது. ஒரு காற்று மாற்றத்தில் போய்விடும். அது மட்டுமல்ல, எஃப்.எம். ரிசீவர் ஒரே சேனலில் இரண்டு அலை வந்தால் பலமானதை வைத்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். டக்ட் வழியாக வந்த தூரத்துக் கப்பல், பக்கத்தில் குறைந்த வாட்டில் கூப்பிடும் வாக்கி-டாக்கியை விழுங்கிவிடலாம். அப்படிப்பட்ட நாளில் அவசரம் என்றால் ஒரு முறை கூப்பிட்டு விட்டுவிடாமல் திரும்பத் திரும்பக் கூப்பிடுங்கள், முழு வாட்டில்.

அடுத்த தடவை இப்படி வந்தால் திரையைப் போனில் படம் எடுங்கள், ரேஞ்ச் எண்ணும் மணியும் தெரியும்படி. ரேஞ்சை ஒரு படி மேலே, ஒரு படி கீழே மாற்றி இன்னும் இரண்டு படம். காற்று எங்கிருந்து வந்தது, சூடு எவ்வளவு என்று ஒரு வரி. வானிலைத் துறை டர்பனில் விடும் பலூனின் அளவுகள் கிடைத்தால் முதல் சில நூறு மீட்டரில் சூடு ஏறி ஈரம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பலூன் விமான நிலையத்தில் எழும்புகிறது, நீங்கள் கடலில் இருக்கிறீர்கள், மெல்லிய அடுக்கு அதில் தப்பிப் போகவும் செய்யும். இருந்தால் சான்று, இல்லாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது.

கடைக்காரர் இன்னும் மேக்னட்ரான்தான் என்று பிடிவாதம் பிடித்தால், காற்று அடங்கிய ஒரு சாதாரணக் காலையில் அவரையே படகில் ஏற்றிக்கொள்ளுங்கள். டர்பனுக்கு வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்கள் எப்போதும் இருக்கும். ஆறு மைலில் நிற்கும் ஒன்றைச் சார்ட்டில் தூரம் பார்த்துக்கொண்டு, உணர்திறனைக் கூட்டும் கெய்ன் குமிழைத் தொடாமல் அது திடமாகத் தெரிகிறதா என்று காட்டுங்கள். துறைமுகத்தை ஒட்டிய ப்ளஃப் மேடும் விளிம்பு கிழியாமல் தெரிய வேண்டும். தெரிந்தால் மேக்னட்ரான் நன்றாக இருக்கிறது. தெரியாவிட்டால் அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி, இரண்டும் ஒரே வாரத்தில் நடந்திருக்கிறது.